பத்து சதவீத ஹைக் பெரிதா, மூன்று சதவீத இன்க்ரிமென்ட் பெரிதா?

அப்ரைசல் லெட்டர் வந்ததும் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர் “எட்டு பர்சன்ட்தான் போட்டிருக்கான்” என்று புலம்புவார். அதே வீட்டில் மத்திய அரசு வேலையில் இருக்கும் அண்ணன் ஜூலை மாதம் மூன்று சதவீத இன்க்ரிமென்ட்டை வாங்கிக்கொண்டு வாயே திறக்க மாட்டார். துபாயில் இருக்கும் மச்சானைக் கேட்டால் பல வருஷமாக ஒரு திர்ஹாம்கூட ஏறவில்லை என்பார், ஆனால் ஊருக்கு வந்து சேரும் பணம் மட்டும் கூடிக்கொண்டே போகும். இதில் யாருக்கு அதிகம் ஏறியது என்று சதவீதத்தை வைத்துக் கேட்டால் பதில் கிடைக்காது. மூன்று பேருக்கும் நடந்தது மூன்று வேறு சங்கதி.

ஓர் ஏணியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். நீங்கள் அதில் ஒரு படி மேலே ஏறுவது ஒரு வகை உயர்வு. ஏணியையே நாலு பேர் சேர்ந்து தூக்கித் திண்ணைமேல் வைத்தால் ஏறாமலே எல்லாரும் உயர்ந்துவிடுவீர்கள், அது இரண்டாவது வகை. இதற்கிடையில் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, அதுதான் விலைவாசி. தண்ணீர் ஏறிய அளவுக்கு மட்டும் ஏணியைத் தூக்கினால் கால் நனையாது, அவ்வளவுதான். முன்னைவிட நல்ல நிலைக்கு வந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. எந்த வேலையை எடுத்தாலும், எந்த நாட்டை எடுத்தாலும், படி ஏறுவதை யார் முடிவு செய்கிறார்கள், ஏணியைத் தூக்குவது யார், தண்ணீர் மட்டத்தை யாராவது அளக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரசு வேலை

இந்த மூன்றும் பிரித்துப் பார்க்கிற மாதிரி இருப்பது மத்திய அரசு சம்பளத்தில்தான், அதனால் அங்கிருந்தே தொடங்கலாம். ஏழாவது ஊதியக்குழு 2016 ஜனவரி முதல் கொண்டுவந்த அட்டவணையில் கடைநிலையில் சேருபவருக்கு பேசிக், அதாவது படிகள் சேராத அடிப்படைச் சம்பளம், 18,000 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியிலோ ஜூலையிலோ, மூன்று சதவீதம். 18,000 அடுத்து 18,500 ஆகும், அப்புறம் 19,100, 19,700, 20,300, 20,900. நூறுக்கு முழுமையாக்கிவிடுவதால் சில படிகளில் ஐந்நூறு, சில படிகளில் அறுநூறு. உழைத்துக் கொட்டினாலும் அதுதான், சுமாராக ஓட்டினாலும் அதுதான். வரப்போகும் இருபது வருஷத்துச் சம்பளத்தையும் இன்றைக்கே விரல் வைத்துக் காட்டலாம்.

தண்ணீருக்காகத் தனியாக இருப்பதுதான் அகவிலைப்படி. பழைய ஆட்கள் பஞ்சப்படி என்பார்கள், பேச்சில் எல்லாருக்கும் டி.ஏ. தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்து, ஜனவரிக்கும் ஜூலைக்குமாக ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுவார்கள். 2024 ஜனவரியில் அது பேசிக்கில் 50 சதவீதம், ஜூலையில் 53, 2025 ஜனவரியில் 55, ஜூலையில் 58.

இப்போது அந்த வாய் திறக்காத அண்ணன் கணக்கைப் பாருங்கள். 2024 ஜனவரியில் பேசிக் 18,000, டி.ஏ. 9,000, மொத்தம் 27,000. ஜூலையில் ஓர் இன்க்ரிமென்ட் வந்து பேசிக் 18,500 ஆகிறது. 2025 ஜனவரியில் டி.ஏ. 55 சதவீதம் என்றால் 10,175. மொத்தம் 28,675. ஒரே வருஷத்தில் 6.2 சதவீதம் ஏறியிருக்கிறது, வீட்டு வாடகைப்படியைச் சேர்க்காமலே. மூன்று சதவீதம் என்று அவர் சொல்வது படி ஏறியதை மட்டும்.

ஏணியைத் தூக்குவது ஊதியக்குழு, சுமார் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. இங்கேதான் பெரிய ஏமாற்றுக் கணக்கு ஒன்று நடக்கிறது. ஏமாற்று என்று சொல்வதுகூடத் தப்பு, எல்லாம் அறிக்கையிலேயே இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. 2016ல் பழைய பேசிக்கை 2.57ஆல் பெருக்கினார்கள். 7,000 ரூபாய் 18,000 ஆனது. கேட்டால் சம்பளம் இரண்டரை மடங்கு ஆன மாதிரி இருக்கும். ஆனால் அந்த 7,000 பேசிக்காரர் ஏற்கெனவே 125 சதவீதம் டி.ஏ. வாங்கிக்கொண்டிருந்தார், அதாவது கையில் 15,750. அந்த டி.ஏ.வை பேசிக்கில் கரைத்துவிட்டு டி.ஏ.வைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். ஆக உண்மையில் ஏறியது 15,750லிருந்து 18,000, சுமார் 14.3 சதவீதம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய உயர்வு இவ்வளவுதான்.

எட்டாவது ஊதியக்குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைந்திருக்கிறது, அதன் பணி வரையறைக்கு 2025 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் 2.86, 3.0 என்று விதவிதமாக எண்கள் சுற்றுகின்றன. எந்த எண் வந்தாலும் அதை அன்றைய டி.ஏ.வோடு சேர்த்துப் பாருங்கள். டி.ஏ. 60 சதவீதத்தில் இருக்கும்போது 1.6 என்று அறிவித்தால் உயர்வு பூஜ்யம். 2.0 என்று அறிவித்தால் 25 சதவீதம்.

தமிழ்நாட்டில் கதை கொஞ்சம் மாறும். மாநில அரசு பெரும்பாலும் மத்திய அரசின் பின்னாலேயே போகிறது, ஆனால் தேதி தள்ளிப் போகும். ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டிய மாற்றத்தை 2016 ஜனவரி முதல் கணக்கில் மட்டும் காட்டி, பணமாக 2017 அக்டோபரிலிருந்துதான் கொடுத்தார்கள். இடையில் இருந்த 21 மாதத்துக்கு அரியர்ஸ் இல்லை. கொரோனா காலத்தில் டி.ஏ. உறைந்து நின்றபோது மத்திய அரசு 2021 ஜூலையில் 17லிருந்து 28க்குப் போனது. தமிழ்நாடு 2022 ஜனவரியில்தான் 17லிருந்து 31க்குப் போனது. சதவீதம் கடைசியில் ஒன்றாக வந்து நின்றாலும், நடுவில் போன மாதங்கள் போனவைதான்.

இன்னொன்று, ஏணியில் எந்தப் படியில் கால் வைக்கிறீர்கள் என்பது கடைசி வரை கூடவே வரும். தமிழ்நாட்டு இடைநிலை ஆசிரியர்கள் “சம வேலைக்குச் சம ஊதியம்” என்று பல வருஷமாகப் போராடுவது இதற்காகத்தான். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தவர்களுக்கு பேசிக் 8,370, ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200. ஒரு நாள் தள்ளிச் சேர்ந்ததற்கு 3,170 ரூபாய் வித்தியாசம். அடுத்த திருத்தத்தில் எல்லாரையும் அதே 2.57ஆல் பெருக்கியபோது அந்த 3,170 எட்டாயிரத்துக்கு மேல் ஆனது, அதற்கு மேல் டி.ஏ. வேறு. நடுவில் தனி ஊதியம் என்று கொஞ்சம் சேர்த்துப் பார்த்தார்கள், பள்ளம் மூடவில்லை. எல்லாருக்கும் ஒரே சதவீதம் ஏற்றுவது நியாயம் மாதிரிதான் தெரியும். ஆனால் தொடக்கத்திலேயே இருக்கும் இடைவெளியை அது ரூபாய்க் கணக்கில் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

தனியார் கம்பெனி

இங்கே அட்டவணை கிடையாது, இருந்தாலும் உங்களிடம் காட்ட மாட்டார்கள். படி ஏறுவது, ஏணி தூக்குவது, விலைவாசி எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கி “உங்களுக்கு ஒன்பது சதவீதம்” என்று ஓர் எண்ணாகத் தருவார்கள். அந்த எண் வரும் வழி பெரும்பாலும் இப்படி இருக்கும்: போன வருஷ லாபம், போட்டிக் கம்பெனிகள் எவ்வளவு கொடுக்கின்றன, எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று பார்த்து மொத்தச் சம்பளச் செலவில் இத்தனை சதவீதம் உயர்வுக்கு என்று மேலிடம் ஒதுக்கும். அது டீம் டீமாகப் பிரிந்து வரும். மேனேஜர் ஒருவருக்குப் பன்னிரண்டு போட வேண்டுமென்றால் இன்னொருவருக்கு ஆறு போட்டாக வேண்டும். இதற்குத்தான் பெல் கர்வ் என்று பெயர் வைத்து எல்லாரையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்திருக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தீர்கள் என்பதைவிட, அந்த வருஷம் டப்பாவில் எவ்வளவு இருந்தது என்பது முக்கியம்.

அந்தப் பத்து சதவீதமும் முழுசாகக் கைக்கு வருவதில்லை. சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்த ஆண்டுச் செலவு, ஆறு லட்சம் இருந்தது, பத்து சதவீதம் ஏறி 6,60,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000, மாதத்துக்கு 5,000 என்று மனசு கணக்குப் போட்டுவிடும், இ.எம்.ஐ.யில் ஒரு வண்டியும் பார்த்து வைத்துவிடும். பேசிக் சி.டி.சி.யில் பாதி என்றால் அது 25,000லிருந்து 27,500 ஆகிறது. முழு பேசிக்குக்கும் பி.எஃப். பிடிக்கும் கம்பெனி என்றால் கம்பெனி பங்காக 300, உங்கள் பங்காக 300 கூடுதலாகப் போகும். வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்கு என்று சி.டி.சி.யில் சேர்த்துக் காட்டும் தொகை 120 ரூபாய் கூடும். சி.டி.சி.யில் பத்து சதவீதம் வேரியபிள் பே என்றால் அதில் மாதம் 500. எல்லாம் போக மாதக் கடைசியில் பேங்க் மெசேஜில் கூடுதலாக வருவது 3,780. பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் உங்கள் பணம்தான், தொலைந்துவிடவில்லை. ஆனால் வேரியபிள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

தனியாரில் உண்மையான படி ஏற்றம் பெரும்பாலும் கம்பெனி மாறும்போதுதான் நடக்கிறது. காரணம் எளிது. உள்ளே இருப்பவருக்குப் போன வருஷச் சம்பளத்தின்மேல் இத்தனை சதவீதம் என்று கணக்கு, வெளியிலிருந்து வருபவருக்குச் சந்தை விலை. 2022ல் ஐ.டி.யில் ஆள் பிடிக்கப் பறந்தபோது இன்ஃபோசிஸில் ஜூன் காலாண்டு அட்ரிஷன், அதாவது வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம், 28.4 சதவீதம் வரை போனது; கையில் மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு நோட்டீஸ் பீரியட் முழுக்கப் பேரம் பேசியவர்கள் அந்தக் காலத்து ஆட்கள்தான். அடுத்த வருஷமே காற்று திரும்பிவிட்டது, ஹைக் தள்ளிப்போனது, மாறலாம் என்று நினைத்தவர்கள் இருந்த இடத்திலேயே கெட்டியாக உட்கார்ந்துகொண்டார்கள். சந்தை தூக்கும் ஏணி அப்படித்தான், தூக்கும்போது ஆளுக்கு முன்னால் தூக்கும், அப்புறம் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடும்.

அதே ஐ.டி.யில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு மட்டும் பத்து வருஷத்துக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பக்கத்திலேயே ஆரம்பச் சம்பளம் நிற்கிறது. கம்பெனி லாபம் ஏறியது, சீனியர்களின் சம்பளம் ஏறியது, இது ஏறவில்லை. ஒவ்வொரு வருஷமும் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வரும் கூட்டத்தைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. இவர் வேண்டாம் என்றால் பின்னால் வரிசையில் நிற்பவர் சரி என்பார். ஏணியின் அடிப்படியை யாரும் தூக்காமல் மேல்படிகளை மட்டும் தூக்கினால் இப்படித்தான் ஆகும்.

சங்கம் பேசி வாங்குவது

இன்னொரு வழி, சேர்ந்து உட்கார்ந்து பேசுவது. பேங்க் ஊழியர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இருதரப்பு ஒப்பந்தம். பதினோராவது ஒப்பந்தம் 15 சதவீதம், பன்னிரண்டாவது 17 சதவீதம். பதினொன்று 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வர வேண்டியது, கையெழுத்தானது 2020 நவம்பரில். பன்னிரண்டு 2022 நவம்பரிலிருந்து வர வேண்டியது, கையெழுத்தானது 2024 மார்ச்சில். தாமதமானாலும் பழைய தேதியிலிருந்து அரியர்ஸ் உண்டு, மூன்று வருஷ அரியர்ஸ் மொத்தமாக வரும் மாதத்தில் நகைக்கடைக்காரருக்கும் சந்தோஷம். ஐந்து வருஷத்துக்கு 17 சதவீதம்தானா என்று ஐ.டி.க்காரர் சிரிப்பார். அது ஏணி தூக்கியது மட்டும், வருஷாந்திர இன்க்ரிமென்ட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் டி.ஏ.வும் தனி.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் பெரிய ஆலைகளில் 12(3) ஒப்பந்தம் என்று சொல்வார்கள், தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் போடுவது, பொதுவாக மூன்று நான்கு வருஷத்துக்கு ஒன்று. அங்கே சதவீதத்தில் பேச மாட்டார்கள், மூன்று வருஷத்துக்கு மொத்தம் இத்தனை ஆயிரம், முதல் வருஷம் இவ்வளவு, அடுத்த வருஷம் இவ்வளவு என்று ரூபாயில்தான் பேச்சு. இது கீழே இருப்பவருக்கு நல்லது. எல்லாருக்கும் ஐயாயிரம் என்றால் இருபதாயிரம் வாங்குபவருக்கு 25 சதவீதம், ஐம்பதாயிரம் வாங்குபவருக்கு பத்து.

கொத்தனார், சித்தாள் கூலியும் ரூபாயில்தான் ஏறும், அதுவும் ஐம்பது நூறாக. நாலு வருஷம் அசையாமல் இருந்துவிட்டு, ஊரில் இரண்டு பெரிய வேலை ஒரே நேரத்தில் வந்து ஆள் தட்டுப்பாடு வந்தால் ஒரே வாரத்தில் ஊர் முழுக்க நூறு ரூபாய் ஏறிவிடும். மேஸ்திரி வந்து “இனிமே இதுதாங்க ரேட்” என்பார், கடிதம் கிடையாது, அப்ரைசல் கிடையாது. அனுபவத்துக்குக் கூடுதல் என்பதும் சித்தாளிலிருந்து கொத்தனார் ஆகும் அந்த ஒரே படிதான், அப்புறம் இருபத்தைந்து வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் ஒரே கூலி.

தொழிலுக்குத் தொழில்

முதல் வருஷச் சம்பளத்தையும் இந்த வருஷ ஹைக்கையும் வைத்து ஒரு தொழிலை எடை போடுவது நம் ஊரில் பெரிய வழக்கம். முப்பது வருஷத்துக்குக் கோடு போட்டுப் பார்த்தால் உருவம் வேறு மாதிரி தெரியும். டாக்டருக்கு முப்பது வயது வரை படிப்பு, ஸ்டைபண்ட், கடன். அதற்குப் பிறகு ஏற ஆரம்பித்தால் அறுபது வரை நிற்காது. ஐ.டி.யில் முதல் பத்து வருஷம் செங்குத்து, நாற்பதை ஒட்டி மேனேஜர் நாற்காலிகள் தீர்ந்துபோனதும் பலருக்குக் கோடு படுத்துவிடும். ஆசிரியருக்கு ஓய்வு வரை மெல்ல, ஒரே சீராக. வக்கீல் ஜூனியராக இருக்கும் வருஷங்களில் பஸ் காசுக்குத் திண்டாடுவார், பெயர் வந்த பிறகு கணக்கே வேறு. ஆப்பில் உணவு டெலிவரி செய்பவருக்கோ டாக்சி ஓட்டுபவருக்கோ ஏணியே கிடையாது. ஐந்து வருஷம் ஓட்டியவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே ரேட் கார்டு, புது ஆட்கள் நிறைய சேர்ந்தால் ஆர்டர் குறைந்து வருமானம் இறங்கவும் செய்யும்.

வேலையில் எந்த மாற்றமும் இல்லாமல் கூலி மட்டும் ஏறுவதும் உண்டு. ஒரு ஹேர்கட்டுக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்பும் அரை மணி நேரம், இன்றும் அரை மணி நேரம். ஆனாலும் முடிதிருத்துபவரின் வருமானம் ஏறியிருக்கிறது, சிங்கப்பூரில் அதே வேலைக்கு இன்னும் பல மடங்கு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960களில் இதை விளக்கினார்: ஒரு நாட்டின் தொழிற்சாலைகளில் உற்பத்தித் திறன் ஏறி அங்கே சம்பளம் ஏறினால், மற்ற வேலைகளுக்கும் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலைக்கு ஆள் வர மாட்டார்கள். ஆசிரியர், நர்ஸ், சமையல்காரர் எல்லாருக்கும் இது பொருந்தும். ஒரே படிப்பு, ஒரே கைத்திறன் வைத்திருக்கும் நர்ஸுக்கு மதுரையில் ஒரு சம்பளம், மான்செஸ்டரில் வேறு சம்பளம் வருவதற்குப் பெரிய காரணம், சுற்றி இருக்கும் மற்றவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பது.

நாட்டுக்கு நாடு

இந்தியத் தனியார் கம்பெனிகளில் சமீப வருஷங்களில் சராசரி உயர்வு ஒன்பது, பத்து சதவீதம் என்று கேட்டுவிட்டு, அமெரிக்காவில் மூன்றரை நான்குதான் என்றால் சிலருக்குப் பரிதாபம் வரும். அங்கே விலைவாசி இயல்பான வருஷங்களில் இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் ஏறும், நம் ஊரில் 2012–13ல் பத்து சதவீதம் ஏறியது. அந்த வருஷம் பத்து சதவீத ஹைக் வாங்கியவர் இருந்த இடத்திலேயே இருந்தார். 2025 அக்டோபரில் நம் சில்லறை விலைவாசி ஏற்றம் 0.25 சதவீதம்தான், அந்த நேரத்தில் எட்டு சதவீத ஹைக் வாங்கிவிட்டுப் புலம்பியவர் உண்மையில் நன்றாகவே முன்னேறியிருக்கிறார், அவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க மத்திய அரசு ஊழியருக்கும் நம்மைப் போலவே ஏணி உண்டு, ஒவ்வொரு நிலையிலும் பத்துப் படி. முதல் மூன்று படிகளைத் தாண்ட வருஷத்துக்கு ஒன்று, அடுத்த மூன்றுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒன்று, கடைசி மூன்றுக்கு மூன்று வருஷத்துக்கு ஒன்று. ஆக பத்தாவது படிக்குப் போக 18 வருஷம். ஏணியைப் பெரும்பாலும் வருஷா வருஷம் தூக்குவார்கள், 2024ல் 5.2 சதவீதம், 2025ல் 2. ஆனால் அதே நாட்டில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்று 2009 ஜூலையில் வைத்ததை அதற்குப் பிறகு தொடவே இல்லை. பல மாநிலங்கள் தனியாகக் கூடுதலாக வைத்திருக்கின்றன, வைக்காத மாநிலங்களில் இன்னும் அதே 7.25. ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2023–24ல் 294 ரூபாய், அடுத்த ஆண்டு 319, அதற்கடுத்து 336 என்று வருஷா வருஷம் ஏற்றினார்கள், ஏனென்றால் அதை விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டோடு கட்டிவைத்திருந்தார்கள். தண்ணீர் மட்டத்தோடு கயிறு கட்டாத ஏணிக்கும் கட்டிய ஏணிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கயிற்றை இறுக்கமாகக் கட்டிய நாடு பெல்ஜியம். அங்கே தனியார் கம்பெனிகளுக்கும் விலைக்குறியீட்டை ஒட்டிச் சம்பளத்தை ஏற்றுவது கட்டாயம். 2022ல் எரிவாயு விலை எகிறியதால் 2023 ஜனவரியில் லட்சக்கணக்கான அலுவலக ஊழியர்களுக்கு ஒரே நாளில் 11.08 சதவீதம் ஏறியது, யாரும் அப்ரைசல் மீட்டிங்கில் உட்காராமலே. முதலாளிகள் கத்தினார்கள், ஏறியது ஏறியதுதான். பக்கத்து ஜெர்மனியில் அப்படிக் கயிறு இல்லை, சங்கம்தான் பேசும். ஐ.ஜி. மெட்டால் என்ற பெரிய சங்கம் 2024 நவம்பரில் உலோகம், மின்சாதனத் துறைக்குப் பேசி முடித்தது 25 மாதத்துக்கு 5.1 சதவீதம், அதுவும் இரண்டு தவணையில். கேட்க ரொம்பக் கம்மி. ஆனால் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஆலைகள் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான், பக்கத்து ஆலைக்கு மாறினாலும் பெரிதாக ஏறாது, அதனால் நம் ஊர் மாதிரி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி தாவும் பழக்கத்துக்கு அங்கே பெரிய லாபமும் இல்லை.

ஏணிப் படமே ஜப்பானுக்காகச் செய்தது போலிருக்கும். அங்கே 1955லிருந்து வசந்த காலத்தில் சங்கங்களும் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் சம்பளம் பேசுகிறார்கள், அதற்கு ஷுன்டோ என்று பெயர். வயதும் அனுபவமும் ஏற ஏறத் தானாக வரும் படி உயர்வு ஒன்று, சம்பள அட்டவணையையே தூக்குவது இன்னொன்று என்று இரண்டையும் தனித்தனிப் பெயர் வைத்துப் பேசுவார்கள். 1990களின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு முதலாவது மட்டும்தான் நடந்தது, இரண்டாவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆக ஒவ்வொரு தனி மனிதருக்கும் வருஷா வருஷம் சம்பளம் ஏறியது, ஆனால் 2015ல் முப்பத்தைந்து வயதில் இருந்தவர் 1997ல் அதே வயதில் இருந்தவரைவிடப் பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. விலைவாசியும் ஏறாததால் அது பெரிதாக வலிக்கவில்லை. வேலை போகாமல் இருந்தால் போதும் என்று சங்கங்களும் பேசாமல் இருந்தன. விலைவாசி ஏறத் தொடங்கிய பிறகுதான் முழித்துக்கொண்டார்கள். சங்கக் கூட்டமைப்பான ரெங்கோவின் கணக்கில் 2023ல் 3.58, 2024ல் 5.10, 2025ல் 5.25 சதவீதம்.

எதிர்ப்பக்கம் துருக்கி. 2024 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை 49 சதவீதம் ஏற்றி 17,002 லிரா ஆக்கினார்கள். அந்த வருஷம் முழுக்க மறுபடி ஏற்றவில்லை, விலைவாசி டிசம்பருக்குள் 44 சதவீதம் ஏறியது. ஜனவரியில் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானில் டிசம்பரில் அதே காசுக்கு அறுபத்தொன்பது ரூபாய் சாமான்தான். 49 சதவீதம் வாங்கியவர் பாவம், 5 சதவீதம் வாங்கியவர் தேவலை என்று சொல்லும்படி ஆவது இப்படித்தான்.

இலங்கை மலையகத்தில் இதைவிடக் கசப்பாக நடந்தது. தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று பல வருஷம் போராடி, 2021 மார்ச்சில் ஒருவழியாக வர்த்தமானியில் வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் ஐந்து டாலர். அடுத்த வருஷமே நாடு திவாலாகி, 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் 69.8 சதவீதத்தைத் தொட்டது, ஆயிரம் ரூபாய் மூன்று டாலருக்குக் கீழே போய்விட்டது. அடுத்த திருத்தம், 1,350 ரூபாய், 2024 செப்டம்பரில். அதற்குள் விலைகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கை நெருங்கியிருந்தன. போராடி வாங்கிய உயர்வு, கையில் வந்த வேகத்தில் கரைந்துபோனது.

வளைகுடாவில் நிலைமையே தனி. பெரும்பாலான ஒப்பந்த வேலைகளில் ஆண்டு உயர்வு என்று எதுவும் எழுதியிருக்காது, அமீரகத்தில் வெளிநாட்டவருக்கு குறைந்தபட்சக் கூலியும் இல்லை. பிறகு மச்சான் அனுப்பும் பணம் எப்படிக் கூடியது? திர்ஹாம் 1997லிருந்து டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது, டாலர் ஏறினால் அதுவும் ஏறும். 2010ல் ஒரு திர்ஹாம் பன்னிரண்டு ரூபாய் சொச்சம், 2025ல் இருபத்து மூன்றுக்கு மேல். மாதம் 1,500 திர்ஹாம் அனுப்புபவருக்கு அன்று ஊரில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு வாக்கில் வந்தது, 2025ல் முப்பத்தைந்தாயிரம். முதலாளி ஒரு காசு ஏற்றவில்லை, ரூபாய் இறங்கியது, அவ்வளவுதான். வருஷத்துக்கு நாலு சதவீதத்துக்குச் சற்று மேல் ஹைக் கிடைத்த மாதிரி. அதே பதினைந்து வருஷத்தில் நம் ஊர் விலைவாசி அதைவிட வேகமாக ஏறியதால், அந்த முப்பத்தைந்தாயிரத்தில் அன்றைய பதினெட்டாயிரத்து ஐந்நூறு வாங்கிய அளவு சாமான் இன்று வராது. போதாததற்கு துபாய் வாடகை திர்ஹாமில் ஏறுகிறது.

அங்கே வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமீரகத்தில் வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி கடைசி பேசிக்கை வைத்துக் கணக்கிடப்படுகிறது, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் 30 நாள். சில கம்பெனிகள் உயர்வு கொடுக்கும்போது பேசிக்கைத் தொடாமல் வாடகைப்படி, போக்குவரத்துப்படி என்று சேர்த்துவிடும். மாதாமாதம் வித்தியாசம் தெரியாது, பத்து வருஷம் கழித்து ஊருக்குக் கிளம்பும் அன்று தெரியும். நம் ஊரிலும் பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டுமே பெரும்பாலும் பேசிக்கையும் டி.ஏ.வையும் ஒட்டித்தான், ஆகவே ஹெச்.ஆர். “மொத்தத்தில் பத்து பர்சன்ட்” என்று சொன்னால் அதில் பேசிக் எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போதும் இன்றைய தொகையை மட்டும் பார்க்காமல் அந்த இடத்தில் இரண்டு மூன்று வருஷம் இருப்பவர் யாரையாவது பிடித்து, போன இரண்டு வருஷம் எவ்வளவு ஏறியது, எந்த மாதத்தில் ஏறியது, வேரியபிள் முழுசாக வந்ததா என்று விசாரியுங்கள். முப்பத்தைந்தாயிரத்தில் தொடங்கி வருஷம் பன்னிரண்டு சதவீதம் ஏறும் வேலை, நாற்பதாயிரத்தில் தொடங்கி ஐந்து சதவீதம் ஏறும் வேலையை நான்காவது வருஷத்திலேயே தாண்டிவிடும். ஆனால் முதல் மூன்று வருஷத்தில் கம்மியாக வாங்கியது ஈடாக ஐந்தாவது வருஷம் ஆகும், அதுவரை அங்கே இருப்பீர்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சேரும் தேதியையும் பாருங்கள்: அக்டோபர் முதல் தேதிக்கு மேல் சேர்ந்தால் வரும் ஏப்ரலில் ஹைக் கிடையாது, அடுத்த ஏப்ரலில்தான் என்று சில கம்பெனிகளில் விதி உண்டு, கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.